ரவுட்டர் வாங்குமுன் வீட்டை அளந்து பாருங்கள்

இரவு மணி எட்டு. அக்கா மடிக்கணினியில் இயங்கலை விரிவுரை கேட்கிறார். அப்பா மேசைக் கணினியில் அலுவலகக் கோப்பு அனுப்புகிறார். தம்பி வரவேற்பறையில் காணொளி பார்க்கிறான். மாடி அறையில் நீங்கள் வரலாற்று இடுபணிக்குத் தகவல் தேடுகிறீர்கள். பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. "ரவுட்டரை மாற்ற வேண்டியதுதான்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

கடைக்குப் போனால் 100 வெள்ளிக்கும் ரவுட்டர் இருக்கிறது, 1,000 வெள்ளிக்கும் இருக்கிறது. விலை கூடியதை வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராமலும் போகலாம். குடும்பப் பணம் வீணாகாமல் இருக்க, மாணவர்களே, நீங்கள் கொஞ்சம் இயற்பியலைப் பயன்படுத்தலாம்.

ரவுட்டர் செய்யும் வேலை என்ன?

இணையச் சேவை நிறுவனம் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு வெளி முகவரியைத்தான் தருகிறது. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ரவுட்டர் தனித்தனி உள் முகவரி கொடுக்கிறது. பல வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். எந்தக் கணினி எதைக் கேட்டது என்று ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, வரும் பதிலைச் சரியான கணினிக்கு அனுப்புகிறது. பள்ளி அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பெயர் பார்த்து வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர் செய்யும் வேலையைப் போன்றது இது.

அதே பெட்டிக்குள் கம்பிவடம் செருகும் துளைகளும் வைஃபை அலை பரப்பும் பகுதியும் உள்ளன. ஆகவே, இணையம் மெதுவாக இருந்தால் கோளாறு எங்கே என்று முதலில் கண்டறிய வேண்டும்.

முதல் சோதனை

மற்றவர்கள் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் ஒரு கணினியைக் கம்பிவடத்தால் ரவுட்டரில் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். நீங்கள் கட்டணம் செலுத்தும் வேகம் கிடைத்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பு நன்றாகவே இருக்கிறது; குறை வைஃபையில்தான். வடத்திலும் வேகம் குறைவு என்றால், விலை உயர்ந்த வைஃபை ரவுட்டர் வாங்கியும் பயன் இருக்காது. முதலில் வடத்தையும் துளையையும் சோதித்துவிட்டுச் சேவை நிறுவனத்தை அழையுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மலிவான சில ரவுட்டர்களின் துளைகள் வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. நீங்கள் 300 மெகாபிட் திட்டத்துக்குக் கட்டணம் செலுத்தினாலும் 100 மெகாபிட்டைத் தாண்ட முடியாது. துளைகள் 'கிகாபிட்' வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியின் மேல் உள்ள எண்

'ஏஎக்ஸ் 3000' என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். வினாடிக்கு 3,000 மெகாபிட் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தகைய ரவுட்டர் இரண்டு அலைக்கற்றைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2,402. இரண்டையும் கூட்டினால் 2,976. அதை முழு எண்ணாக்கி 3,000 என்கிறார்கள். ஆனால், பெரும்பாலான மடிக்கணினிகள் ஒரு நேரத்தில் ஓர் அலைக்கற்றையில்தான் இணைகின்றன. மேலும், அவை ஏட்டளவு உச்ச வேகங்கள். வீட்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. வீட்டுக்குள் வரும் இணைப்பே 300 மெகாபிட் என்றால், எந்த ரவுட்டராலும் இணைய வேகத்தை அதற்கு மேல் உயர்த்த முடியாது.

சுவரும் அலையும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. நீளம் கூடிய அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. அண்டை வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைக்கற்றையில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் கான்கிரீட் சுவரிலும் தளத்திலும் விரைவில் வலுவிழக்கும். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். நீர் அதை உறிஞ்சும்.

எனவே, ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இரும்பு அலமாரிக்குள்ளோ, மீன் தொட்டிக்கு அருகிலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், சற்று உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். இரட்டை மாடி வீட்டில் மேல்தளத்துக்கு அலை எட்டாவிட்டால், 'மெஷ்' எனப்படும் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட தொகுப்பு உதவும். அந்தப் பெட்டிகளைக் கம்பிவடத்தால் இணைத்தால் இன்னும் நல்லது. இடம் மாறாத மேசைக் கணினிக்கும் வடமே சிறந்தது. 'கேட் 5இ' வடம் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும்.

எத்தனை கருவிகள்?

வகுப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருப்பதைப் போல, வைஃபை கருவிகளும் முறை வைத்தே பேசுகின்றன. கருவிகள் பெருகினால் காத்திருப்பும் பெருகும். 2019இல் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 6, ஒரே முறையில் பல கருவிகளுக்குத் தரவைப் பங்கிட்டு அனுப்பக்கூடியது. கருவிகள் நிறைந்த வீட்டுக்கு இது ஏற்றது. வைஃபை 7 இன்னும் புதியது. ஆனால் உங்கள் கணினிகள் அதை ஏற்காவிட்டால் அதன் கூடுதல் திறன் அவற்றுக்குப் பயன்படாது.

பாதுகாப்பையும் பாருங்கள்

டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை உள்ளதா, தயாரிப்பாளர் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறாரா என்று கேளுங்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். உங்கள் இணைய இணைப்புக்கு அந்த ரவுட்டர் பொருந்துமா என்று சேவை நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கியதும் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பழைய கடவுச்சொல் பிறருக்குத் தெரிந்திருந்தால், உங்கள் வீட்டு இணைப்பின் சாவியே அவர்கள் கையில் இருப்பதாகிவிடும்.

இந்த வார இறுதியில் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள். ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தை வரையுங்கள். ஒவ்வோர் அறையிலும் மூன்று முறை வேகத்தை அளந்து சராசரியைக் குறியுங்கள். பிறகு ரவுட்டரை வேறோர் இடத்தில் வைத்து மீண்டும் அளவெடுங்கள். இரண்டு வரைபடங்களையும் அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். புதிய ரவுட்டர் தேவையா, எப்படிப்பட்டது தேவை என்பதை அந்த எண்களைப் பார்த்தே முடிவெடுக்கலாம். இடம் மாற்றியதிலேயே வேலை முடிந்திருந்தால், ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை.