வீட்டில் கட்டிய விமானத்தில் குளிர் தாங்குவது எப்படி?

சாரல் சமயத்தில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பைக்கில் போனவங்களுக்கு இது தெரிந்திருக்கும். அஞ்சு கிலோமீட்டர்தான் தூரம். வெப்பமானி 24 டிகிரி காட்டும். ஆனா பல் தந்தியடிக்கும். விடியக்காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து பழைய செய்தித்தாள். நாலாக மடித்து சட்டைக்குள்ளே, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். பேப்பர் சூடு தராது. காற்றை உள்ளே விடாது, அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். கனடாவில் கால்கரியில் வேலை. கிட் வாங்கி, வாடகை கராஜில் ரெண்டு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறான். "மாமா, பழைய சைலன்சர் ஒண்ணு கெடச்சிருக்கு. அதை வச்சு ஹீட்டர் செஞ்சு மாட்டப் போறேன்" என்று போன வாரம் போனில் சொன்னான். அந்த 'பழைய' எனக்குப் பிடிக்கலை. நான் விமானம் ஓட்டுறவன் இல்லை. அதனால உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

(வீட்டில் விமானமா என்று சிரிக்க வேண்டாம். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டி, 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். நம்ம மலைக்கு அந்தப் பக்கம், ஆலப்புழாக்காரர் அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் கிட் வாங்கிக் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார்.)

மேலே போகப் போக ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி 6.5 டிகிரி குறையும். மார்கழி விடியலில் தென்காசியில் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மூணு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு டிகிரிகூடத் தேறாது. கால்கரியில் தரையிலேயே மைனஸ். அதோடு மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம். பைக்கைப் போல மூணு மடங்கு.

முதலில் அடைக்க வேண்டியது ஓட்டைகளை. கன்ட்ரோல் கம்பி போகிற துளை, சக்கரத்தின் கால் நுழைகிற இடம், கண்ணாடி மூடியின் விளிம்பு என்று காற்று வர வழி நிறைய. நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், பாதிக் குளிர் பின்னாலிருந்து வருமாம். கண்ணாடி மூடியின் மேல் காற்று வளைந்து வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் காற்றை அது வெளியே இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்ப, வால் பக்கத்து ஓட்டைகள் வழியாகக் குளிர்காற்று நுழைந்து, உடம்புக்கூடு நெடுக முன்னேறி, ஓட்டுகிறவரின் பிடரியில் அடிக்கிறது. ஹீட்டரை எவ்வளவு பெரிசா வைத்தாலும் அந்தச் சூடும் அதே இடுக்கு வழியாகப் போய்விடும். சீட்டுக்குப் பின்னால் ஒரு தடித்த துணித் திரையை இடைவெளி இல்லாமல் கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். செய்தித்தாள் வைத்தியமேதான்.

அடுத்து கரன்ட் சட்டை. 60 வாட் இருந்தால் போதும். ஆனா ரோடாக்ஸ் 912 மாதிரி சின்ன இன்ஜினில் இருக்கிற ஜெனரேட்டரே சுமார் 250 வாட்தான். ரேடியோ, விளக்கு எல்லாம் அதிலேதான் ஓடணும்.

இப்போ ஹீட்டருக்கு வருவோம். சைலன்சரைச் சுற்றி ஒரு தகர உறை. அதுக்குள்ளே வெளிக்காற்றை விட்டால் சூடாகிக் கேபினுக்கு வரும். சுலபமான வேலை, செலவும் கம்மி. ஆனால் உள்ளே ஓடும் புகைக்கும் நீங்கள் மூச்சு விடும் காற்றுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய தகடு. அது விரிசல் விட்டால் வருவது கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மந்தம். குளிரில் தூக்கம் வருது என்றுதான் நினைப்போம்.

2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்ஸின் நாந்த் நகரிலிருந்து கார்டிஃபுக்குப் போன ஒற்றை இன்ஜின் பைப்பர் மாலிபு, ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய அளவு 58 சதவீதம். 50 தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. விமானிக்கும் அந்த வாயு பாதிப்பு இருந்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. அது வீட்டில் கட்டியதுகூட இல்லை, கம்பெனி விமானம்.

மருமகனுக்கு எழுதினது இதுதான்: சைலன்சரின் ஒரு வாயை அடைத்து, வேக்கும் கிளீனரைத் திருப்பி மாட்டிக் காற்றை ஊது, வெல்டிங் மேலெல்லாம் சோப்புத் தண்ணி தடவு. பஞ்சர் கடையில் பார்க்கிற மாதிரி குமிழி வந்தால் தூக்கிப் போடு. வராவிட்டாலும் சத்தம் போடும் டிடெக்டர் ஒண்ணு வை. தலை வலித்தால் ஹீட்டரை மூடு, வெளிக்காற்றைத் திற, பக்கத்தில் எங்கே இறங்க முடியுமோ அங்கே இறங்கு.

அந்தத் தகர உறை குற்றாலத்தில் யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்தேன். ஓட்டுகிறவருக்கு இல்லை, கார்புரேட்டருக்கு! கையில் பெட்ரோல் பட்டால் ஜில்லென்று இருக்கும் இல்லையா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது, காற்றின் அழுத்தமும் குறைவதால், வெப்பம் 30 டிகிரி அளவுக்குக்கூட இறங்கும். சாரல் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? வெளியே 24 டிகிரி இருக்கும்போதே உள்ளே ஐஸ் கட்டி இன்ஜின் திணறும். கால்கரியின் கடுங்குளிரில் காற்று வறண்டு கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அதே உறையிலிருந்து சூடான காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பி விடுவதுதான் இதற்கு வழி.

நேத்து ராத்திரி போட்டோ அனுப்பினான். சீட்டுக்குப் பின்னால் திரை தைத்தாகிவிட்டது. சைலன்சர் இன்னும் மேசை மேலேதான் கிடக்கு.