சப்பாத்திக்கள்ளி

காவிரி பாயும் தஞ்சை நாடு என்றவுடன் நெல்வயல்களே நினைவிற்கு வரும். ஆயினும், ஆற்றுநீர் எட்டாத இடங்களும் அந்நாட்டில் உண்டு. வேதாரணியம், கோடிக்கரை முதலிய கடலோர ஊர்களின் மணல்மேடுகள் அத்தகையன. அங்கே இடுப்பளவு உயரத்தில் புதராய் மண்டி நிற்கும் செடியே சப்பாத்திக்கள்ளி. நாகதாளி என்றும் இதனைக் கூறுவர்.

தட்டையாய், உள்ளங்கைபோல் விரிந்திருக்கும் இதன் பச்சைப் பகுதியை இலை என்றே பலரும் எண்ணுவர். அஃது இலையன்று, தண்டு. மெய்யான இலைகள் இளந்தண்டில் சிறு கூம்புகளாய்த் தோன்றிச் சின்னாளில் உதிர்ந்துவிடும். அகன்ற இலைகள் இருப்பின், வெயிலில் நீர் விரைந்து ஆவியாகிவிடும் அன்றோ? ஆதலின், உணவு சமைக்கும் தொழிலைத் தண்டே ஏற்றுக்கொண்டது. அதன்மேல் மெழுகுப் பூச்சும், உள்ளே கொழகொழப்பான சாறும் உள்ளன. பிற செடிகள் பகலில் திறந்துவைக்கும் நுண்துளைகளை இஃது இரவின் குளிர்ச்சியிலேயே திறந்து, கரியமிலவாயுவை உட்கொண்டு, மறுநாள் வெயிலுக்காகச் சேமித்து வைக்கின்றது.

தண்டில் இடைவிட்டு இடைவிட்டுச் சிறு புள்ளிகள் காணப்படும். மஞ்சள் நிறமுடைய நீண்ட முட்கள் அவற்றினின்றே எழுகின்றன. அம்முட்களின் அடியில் மயிர்போன்ற நுண்முட்களும் கொத்தாக உள்ளன. நீண்ட முள்ளுக்கு அஞ்சுவோர் இவற்றைக் கவனியார். உண்மையில் அஞ்சத்தக்கவை இவையே. பின்னோக்கி வளைந்த கொக்கிகள் உடைமையால், விரலில் ஏறியபின் இவை எளிதில் வெளிவாரா. செந்நிறக் கனியின் தோலிலும் இவை உண்டு. சுவை கருதிக் கனியைப் பறிக்கும் சிறுவர் படும் பாடு இதனாலேயே.

கள்ளி எனப் பெயர் பெற்றிருப்பினும், இது நம் நாட்டுச் சதுரக்கள்ளிக்கு உறவன்று. சதுரக்கள்ளியைக் கிள்ளினால் பால் வடியும்; இதில் பால் இல்லை. இதன் தாயகம் அமெரிக்கா. அங்குள்ள கள்ளிகளில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுப்பர். அத்தொழிலை விரும்பிய ஆங்கிலக் கும்பெனியார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கள்ளிகளை இங்கே வளர்ப்பித்தனர். 1795ஆம் ஆண்டில் பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால், அது தரங்குறைந்த இனம், தொழில் ஓங்கவில்லை. அப்பூச்சி வேறொரு கள்ளியை அழித்ததேயன்றிச் சப்பாத்திக்கள்ளியைத் தீண்டவில்லை.

வேலியாக நடப்பெற்ற சப்பாத்திக்கள்ளியோ, வேலி தாண்டி நிலங்களைக் கவர்ந்துகொண்டது. வெட்டி எறிந்த துண்டும் மண்ணில் வேரூன்றுமாயின், உழவர் என் செய்வர்? 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து வேறோர் இனச் சாயப்பூச்சி கொண்டுவந்து விடப்பட்டது. அது தண்டில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சவே, சில ஆண்டுகளில் தென்னாட்டின் பெரும்புதர்கள் அழிந்தன. முற்றும் அழியவில்லை. எஞ்சி நிற்கும் கள்ளித் தண்டுகளில் சில வேளைகளில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் காணப்படும். அதனைக் குச்சியால் நசுக்கினால், குச்சியின் முனை குருதிபோல் சிவக்கும்.