காலிக் கோட்டை

கொழும்பிலிருந்து தெற்கே செல்லும் கரையோரப் புகையிரதத்தில் வலப்புறச் சாளரத்தருகே இடம் கிடைத்தவர் பாக்கியவான். கடலே வழித்துணையாக வரும். காலி நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாற் கோட்டை மதில் எதிர்ப்படும்.

போர்த்துக்கேயர் தொடங்கிவைத்த அரணை 1640 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, கல்லாலும் சுண்ணத்தாலும் விரித்துக் கட்டினர். 1796 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. பழைய வாயிலின் வெளிப்புறத்தில் ஆங்கில அரச சின்னமும், உட்புறத்தில் 1669 ஆம் ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் உள்ளன. பின்னதன் உச்சியில் ஒரு சேவல் நிற்கிறது. வென்றவர் அதனை உடைத்தெறியாது விட்டது பின்வந்தோர் பெற்ற பேறு.

இக்கோட்டை நிலைத்திருப்பதற்கு ஒரு நட்டமே காரணம் எனலாம். கீழைநாடுகளுக்குச் சென்ற நீராவிக் கப்பல்கள் முன்னர் காலியிலேயே தரித்துச் சென்றன. வளரத் தலைப்பட்ட கொழும்போ தன் மதில்களை 1869 அளவிலேயே இடிக்கத் தொடங்கியது. 1875 இல் அங்கே அலைதடுப்பு அணைவேலையும் ஆரம்பமாக, நாளடைவிற் கப்பல்கள் காலியை விட்டகன்றன. வணிகம் இழந்த ஊருக்கு மதிலை இடித்து இடந்தேடும் அவசரம் இருக்கவில்லை.

அம்மதில் வெறும் காட்சிப்பொருளன்று. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது வெளியே பேருந்து நிலையமும் துடுப்பாட்ட மைதானமும் சிதைந்தன, பலர் மாண்டனர். மதிலுக்கு உள்ளிருந்த வீதிகள் பெரும்பாலும் தப்பின. பகைவருக்கென எழுப்பிய சுவர் கடலைத் தடுத்தது. வீதிகளின் கீழே ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர் வாய்க்கால்களோ, பெருக்குக் காலத்துக் கடல்நீரை உள்ளே விட்டுக் கழுவப்படும் வகையின. கடலை விலக்கவும் ஏவல்கொள்ளவும் அறிந்திருந்தனர்.

தமிழர் அறியவேண்டிய பொருள் இன்னொன்றுண்டு. 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த பலகைக்கல் கண்டெடுக்கப்பட்டது. அதிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துகள் இருந்தன. சீனக் கடற்றலைவர் செங் ஹோ காலத்தில், 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறித்தது அது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி திருமாலாகிய தென்னவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. காணிக்கைகளோ ஏறத்தாழ ஒன்றே. எந்தச் சமயத்தார்க்கும் குறைவைக்கவில்லை. தென்கரைத் துறைமுகங்களில் அக்காலத்தே தமிழ் வழங்கியிராவிடின், சீனத் தூதர் தமிழில் எழுதுவித்திருப்பாரா?

அக்கல் இப்போது காலியில் இல்லை. கொழும்பு நூதனசாலையில் உள்ளது. காலிக்குப் புறப்படுவோர் புகையிரதம் ஏறுமுன் அதைக் கண்டுசெல்வது நன்று.