கயிறு பிடிப்பவர் கண் அயரலாமா?
கடற்கரைக்குப் படம் எடுக்க வரும் டைரக்டர்களின் தலையில் எத்தனை பாரம்!

ஆலந்தலை, திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர். அதையும் தாண்டித் தெற்கே போனால் குலசேகரன்பட்டினம். அதற்கும் அப்பால் மணப்பாடு. மணல் குன்று, குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே கடல். சினிமாக்காரர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போன இடம் அது.

2012-ல் வெளிவந்த சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’, 2013-ல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘கடல்’ இரண்டுக்கும் மணப்பாட்டில் படப்பிடிப்பு நடந்தது.

சூட்டிங் என்றால் ஊரே கூடிவிடும். கூட்டம் முழுவதும் பார்ப்பது கதாநாயகனை. ஆனால் தொப்பி போட்டுக்கொண்டு, வெயிலில் கறுத்து, ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் “ஆக்‌ஷன்” என்றால் நூறு பேர் ஓடுவார்கள். “கட்” என்றால் நூறு பேரும் நிற்பார்கள்.

அவர்தான் டைரக்டர். அவருடைய வேலை என்ன? அவர் எதற்கெல்லாம் பொறுப்பு? “நடி”ன்னு சொன்னா நடிக்கிறாங்க, இதுல என்ன பெரிய வேலை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் இதோ!

சூரியனோடு போட்டி

டைரக்டர் முதலில் கதையைக் காட்சிகளாகப் பிரிக்கிறார். காட்சியை ‘ஷாட்’களாகப் பிரிக்கிறார். கேமரா எங்கே நிற்கும், நடிகர் எங்கிருந்து எங்கே நடப்பார், முகம் மட்டும் தெரிய வேண்டுமா, கடலும் சேர்ந்து தெரிய வேண்டுமா? இவ்வளவையும் படம் பிடிக்கும் முன்பே மனதில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கடற்கரையில் இது இரட்டை வேலை. ஆலந்தலையில் சூரியன் கடலில் உதிக்கும். ஆனால் கடலில் மறையாது. அலைக்குள் சூரியன் இறங்குகிற காட்சி வேண்டுமானால் மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும். பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) படங்களுக்குக் குமரி மாவட்டத்து முட்டத்தைத் தேடிப் போனார். அந்தப் படங்களுக்குப் பிறகு முட்டம் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த ஊராகிவிட்டது.

இங்கே வருகிற டைரக்டருக்கு விடியற்காலைதான் சொத்து. சூரியன் கிளம்பிக் கொஞ்ச நேரம் வெளிச்சம் இதமாக இருக்கும். ஒன்பது மணி ஆகிவிட்டால் கண் கூசும்; முகத்தில் நிழல் விழும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எடுக்க வேண்டியதை எடுத்தாக வேண்டும். அதற்குத்தான் நடு ராத்திரியிலேயே எழுந்து ஓடுகிறார்கள்.

காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். குடை நிற்காது, லைட் ஸ்டாண்ட் நிற்காது. அலை சத்தத்தில் வசனம் சரியாகப் பதிவாகாது. பிறகு டப்பிங் தியேட்டரில் பேசிச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. படகு கடலுக்குள் போகும்போது திரையில் இடமிருந்து வலமாகப் போனால், திரும்பி வரும்போது வலமிருந்து இடமாகத்தான் வர வேண்டும். மாறிப்போனால் படகு இன்னும் போய்க்கொண்டே இருக்கிறதா என்று ஜனங்கள் குழம்பிவிடுவார்கள். காலையில் நனைந்த சட்டை மத்தியானம் எடுக்கும் அடுத்த ஷாட்டிலும் நனைந்தே இருக்க வேண்டும். இதைக் கவனித்துக் குறித்து வைப்பது உதவி டைரக்டரின் வேலை. இப்படிக் கற்றுத்தான் டைரக்டர் ஆகிறார்கள். பாரதிராஜா கன்னட டைரக்டர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராக இருந்தவர். சீனு ராமசாமி பாலு மகேந்திராவிடம் இருந்தவர்.

பலியான உயிர்கள்

இதெல்லாம் தொழில் நுணுக்கம். தவறினால் படம் கெடும், பணம் போகும். ஆனால் தவறினால் உயிர் போகிற சங்கதியும் இருக்கிறது.

2025 ஜூலை 13. நாகை மாவட்டம் விழுந்தமாவடி. அதுவும் கடலோர ஊர்தான். ‘வேட்டுவம்’ படத்துக்காகக் கார் பாய்ந்து விழும் காட்சியைப் படமாக்கினார்கள். காரை ஓட்டிய ஸ்டண்ட் கலைஞர் அந்த விபத்தில் இறந்துபோனார். பல படங்களில் இதுபோல எத்தனையோ முறை கார் ஓட்டிப் பழகியவர் அவர். டைரக்டர் பா. ரஞ்சித் உள்பட சிலர் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். வழக்குப் பதிவு என்பது தீர்ப்பு அல்ல. யார் மீது தவறு என்று சொல்ல வேண்டியது கோர்ட்டு. ஆனால் விசாரணை டைரக்டரின் வாசல் வரை வரும் என்பதை அந்த வழக்கு எல்லோருக்கும் காட்டிவிட்டது.

அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ படத்துக்காகச் சென்னை சாலிகிராமத்தில் சண்டைக் காட்சி எடுத்தபோது ஒரு ஸ்டண்ட் கலைஞர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2022 டிசம்பரில் ‘விடுதலை’ படப்பிடிப்பில் கயிறு அறுந்து விழுந்து இன்னொரு ஸ்டண்ட் கலைஞர் உயிரிழந்தார்.

2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்புக்காகப் போட்ட அரங்கில் பெரிய விளக்குகளைத் தாங்கிய கிரேன் சாய்ந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருவர் உதவி டைரக்டர். நாளைக்கு டைரக்டர் ஆகவேண்டிய பிள்ளை! டைரக்டர் ஷங்கரையும், நடிகர் கமல்ஹாசனையும் போலீசார் அழைத்து விசாரித்தார்கள்.

தண்ணீரில் நடந்த கொடுமை

நம் கடற்கரைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய சம்பவம் ஒன்று கர்நாடகத்தில் நடந்தது. 2016 நவம்பர் 7-ந் தேதி, பெங்களூருக்குப் பக்கத்தில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். ‘மாஸ்தி குடி’ என்ற கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து மூன்று நடிகர்கள் தண்ணீரில் குதித்தார்கள். கதாநாயகன் மீட்கப்பட்டார். மற்ற இரண்டு பேரும் மூழ்கிவிட்டார்கள்.

அந்த இரண்டு பேருக்கும் நீச்சல் சரியாகத் தெரியாது. குதிப்பதற்கு முன்பு டி.வி.காரர்களிடம் இதை அவர்களே சொல்லியிருந்தார்கள். உடம்பில் உயிர் காக்கும் ஜாக்கெட்டும் இல்லை. டைரக்டர், ஸ்டண்ட் மாஸ்டர், தயாரிப்பாளர் மூவரும் கைதானார்கள்.

“நீச்சல் தெரியுமா தம்பி?” இந்த ஒரு கேள்விக்குச் செலவு ஒரு காசு கிடையாது. கேட்டு, பதிலுக்குத் தக்கபடி நடந்திருந்தால் இரண்டு வீட்டில் விளக்கு அணைந்திருக்காது.

அமெரிக்காவிலும் கதை இதுதான். 1982 ஜூலை 23-ந் தேதி ‘ட்விலைட் சோன்’ படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து ஒரு நடிகரும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். சட்டத்தை மீறி இரவு நேரத்தில் அந்தக் குழந்தைகளை வேலைக்கு வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. டைரக்டர் ஜான் லாண்டிஸ் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 1987-ல் விடுதலை ஆனார். விடுதலை ஆனாலும், அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஜனங்களுக்கு அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி, கவனக்குறைவால் ஒருவர் சாவுக்குக் காரணமானால் 5 ஆண்டு வரை ஜெயில். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டு வரைதான் இருந்தது.

முத்துக் குளித்தவர்களின் பாடம்

டைரக்டரைக் கப்பல் கேப்டன் என்று சினிமாக்காரர்கள் பெருமையாகச் சொல்வது உண்டு. இந்தக் கரைக்குத் தெரிந்த கணக்கில் சொல்வதென்றால், டைரக்டர் கயிறு பிடிப்பவர்.

தூத்துக்குடி கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் உள்ள பாருக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் மூச்சு அடக்குவது ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பார். அசைத்த அந்த நொடியே மேலே இழுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டிருந்தால் போச்சு! அதனால் கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆளைத்தான் வைப்பார்கள். 1961-க்குப் பிறகு அந்தக் கடலில் முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் அந்தப் பாடம் இன்னும் செல்லும்.

கீழே இறங்குகிறவனுக்கு எத்தனை சிப்பி கிடைத்தது என்பது அப்புறம். மூச்சு இருக்கிறதா என்பதுதான் முதலில். டைரக்டருக்கும் அதேதான். ஷாட் அருமையாக வந்ததா என்பது அப்புறம்.

சண்டைக்கு ஸ்டண்ட் மாஸ்டர் இருக்கிறார், கிரேனுக்கு ஆள் இருக்கிறார், செலவுக்குத் தயாரிப்பாளர் இருக்கிறார். உண்மைதான். ஆளுக்கு ஒரு பங்கு பொறுப்பு உண்டு. ஆனால் அந்தக் காட்சி வேண்டும் என்று கேட்டவர் டைரக்டர். “இன்னொரு டேக்” என்று சொல்பவரும் அவர். “வேண்டாம், பேக்கப்” என்று அவர் சொன்னால் மறுத்துப் பேச அங்கே ஆள் குறைவு. ஐம்பது அடி உயரத்தில் தொங்குகிறவரோ, சம்பளம் போய்விடும், அடுத்த சான்ஸ் வராது என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து வாயைத் திறக்க வேண்டியவர் டைரக்டர்.

கடலில் எடுக்கும்போது

கடல் காட்சி என்றால் செய்ய வேண்டியவை சுலபமானவை. தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் நீச்சல் தெரியுமா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். படகில் ஏறுகிற எல்லோருக்கும் ஜாக்கெட் வேண்டும்; காட்சியில் தெரியக்கூடாது என்றால் சட்டைக்குள் மறைத்துக் கட்டலாம். மீட்புப் படகு ஒன்று எஞ்சின் ஓடியபடியே பக்கத்தில் நிற்க வேண்டும். கரையில் ஆம்புலன்சும் டாக்டரும் தயாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளூர்க்காரர் சொல்லைக் கேட்க வேண்டும். கடலைப் பார்த்தே நிலவரம் சொல்கிறவர்கள் கரையில் இருக்கிறார்கள். “இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி, கடல் சரியில்ல” என்று அவர் சொன்னால், கால்ஷீட் போனாலும் பரவாயில்லை என்று கேமராவை மூட்டை கட்டுபவர்தான் நல்ல டைரக்டர்.

ஊரின் மானமும் பொறுப்புதான்

உயிருக்கு அடுத்தது மானம். இந்தக் கரையில் பெரும்பாலும் கத்தோலிக்கப் பரதவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், கோயிலுக்குப் போவார்கள். கதாநாயகன் ஞாயிறு காலை வலையோடு கிளம்புகிற மாதிரி எடுத்தால் தூத்துக்குடித் தியேட்டரில் விசில் அடிக்க மாட்டார்கள், கைகொட்டிச் சிரிப்பார்கள்.

மீனவர் என்றாலே குடிகாரர், ரவுடி என்று காட்டுவதும் சினிமாவில் பழகிப்போன ஒன்று. ஒரு ஊரின் வீட்டையும் படகையும் இரண்டு மாதம் வாங்கிப் பயன்படுத்திவிட்டு, அதே ஊரைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் கேவலமாகச் சொன்னால் அந்த ஊருக்கு எப்படி இருக்கும்?

‘நீர்ப்பறவை’ வெளிவந்தபோது வைரமுத்து எழுதிய பாட்டில் சில சொற்களுக்குக் கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. சொற்கள் மாற்றப்பட்டன. ‘கடல்’ படத்துக்கும் எதிர்ப்பு வந்தது. எதிர்ப்புக்கெல்லாம் பணிய வேண்டும் என்று அர்த்தம் இல்லை. மீனவர்கள் கடலில் சுடப்பட்டுச் சாகும் கொடுமையைத் திரையில் பேசியதும் அதே ‘நீர்ப்பறவை’தான். டைரக்டருக்குத் துணிச்சல் வேண்டும். விசாரித்துத் தெரிந்துகொள்ளும் பொறுமையும் வேண்டும்.

விசாரிக்க ஆள் இல்லாமல் இல்லை. 2013-ல் வந்த ‘மரியான்’ படத்துக்கு வசனம் எழுத டைரக்டர் பரத்பாலா நாடியது உவரியில் பிறந்த ஜோ டி குரூசை. ‘ஆழி சூழ் உலகு’, சாகித்ய அகாடமி விருது பெற்ற ‘கொற்கை’ நாவல்களை எழுதியவர் அவர். கடற்கரைப் பேச்சு கடற்கரைக்காரர் கையிலிருந்து வந்தது.

கேட்கத் தயங்காதீர்!

படப்பிடிப்புக்குப் படகு கொடுக்கிறவர்களும், கூட்டத்தில் நிற்கப் போகிற பிள்ளைகளின் பெற்றோரும் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அனுமதி வாங்கியாச்சா? இன்சூரன்ஸ் உண்டா? ஜாக்கெட் எத்தனை? ஆம்புலன்ஸ் எங்கே? வலை கிழிந்தால், படகு உடைந்தால் பணம் யார் தருவது?

நல்ல டைரக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கேட்கும் முன்பே பதில் வைத்திருப்பார். பதில் இல்லை என்றால் படகைக் கட்டிப்போடுங்கள். சினிமா நாளைக்கும் எடுக்கலாம்.