துண்டுத் துணியில் ஒரு கைத்தொழில்: செமினோல் பட்டை வேலை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் பழங்குடியினர் செமினோல் மக்கள். அமெரிக்க ராணுவத்துடன் நடந்த மூன்று போர்கள் 1858-ல் முடிந்தபோது, அங்கே எஞ்சியவர்கள் சில நூறு பேரே. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் ஒதுங்கிய அவர்களிடம் பின்னர் கைத் தையல் மெஷின் வந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய பெண்கள் உருவாக்கியதே இந்த வேலை. 1928-ல் தாமியாமி நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் சுற்றுலாப் பயணிகள் வந்தனர்; தையல் அக்குடும்பங்களுக்கு வருமானமானது. பாவாடை, சட்டைகளில் வைத்துத் தைப்பதே மரபு. மெத்தை விரிப்பு, பை, தலையணை உறைக்கும் பொருந்தும்.

வீட்டில் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகள் எளிதாகக் கற்கலாம். சாயம் போகாத பருத்தித் துணியே ஏற்றது. முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடவும்.

1. 30 அங்குல நீளத்தில் மூன்று நிறப் பட்டைகள் வெட்டவும். ஓரப் பட்டைகள் 2 அங்குல அகலம், நடுப்பட்டை ஒன்றரை அங்குலம்.

2. எல்லாத் தையலுக்கும் கால் அங்குலம் பிடித்து, மூன்றையும் நீளவாக்கில் இணைக்கவும். அகலம் நாலரை அங்குலம் வரும்.

3. இதைக் குறுக்கே ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டவும். 20 துண்டு கிடைக்கும்.

4. ஒவ்வொரு துண்டையும் ஒரு படி இறக்கி இணைக்கவும். முதல் துண்டின் நடுச் சதுரத்தின் கீழ்த் தையல், அடுத்ததன் நடுச் சதுரத்தின் மேல் தையலோடு சேர வேண்டும். சாய்த்துப் பார்த்தால் சதுரங்கள் வைர வடிவில் வரிசையாக நிற்கும்.

5. வைர முனையிலிருந்து கால் அங்குலம் விட்டு, மேலும் கீழும் உள்ள படிகளை நேராக வெட்டவும். முனையை ஒட்டி வெட்டினால், பார்டர் தைக்கும்போது முனை தையலுக்குள் மறைந்துவிடும்.

6. இரு நுனிகளும் சாய்வாக இருக்கும். பட்டையை நடுவில் நேராக வெட்டி, பாதிகளை இடம் மாற்றி, சாய்ந்த நுனிகளை இணைத்தால் ஓரங்கள் நேராகிவிடும்.

வெட்டிய ஓரம் சாய்வு இழையில் இருப்பதால் இழுத்தால் நீளும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுக்கவும். உடனே இருபுறமும் நேர்இழைப் பட்டையைப் பார்டராகத் தைத்துவிடவும்.

ஒரு எச்சரிக்கை. கற்றுத் தைப்பது வேறு, "செமினோல் மக்கள் செய்தது" என்று சொல்லி விற்பது வேறு. அமெரிக்காவில் 1935 முதலே அது சட்டப்படி குற்றம். எங்கு விற்றாலும் அது பொய்தான். "செமினோல் முறையில் நாங்கள் தைத்தது" என்றே சொல்லுங்கள். உங்கள் உழைப்புக்கு உரிய விலையும் கிடைக்கும், அவர்கள் பெயரும் கெடாது.