பழைய கணினிக்கு எந்த எஸ்.எஸ்.டி.?

ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்காக செகந்திராபாத்தில் உருவான குடியிருப்பு சைனிக்புரி. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஈ.சி.ஐ.எல். அணுசக்தித் துறையின் கீழ் 1967இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், 1969இல் டி.டி.சி.-12 என்ற கணினியை வெளியிட்டது. இந்தியாவிலேயே வடிவமைத்து, இங்கேயே தயாரித்து விற்பனைக்கு வந்த தொடக்ககாலக் கணினிகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு. அடுத்திருக்கும் ஏ.எஸ். ராவ் நகர், ஈ.சி.ஐ.எல்லை உருவாக்கிய விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கியது. இப்படிப்பட்ட வட்டாரத்தில், நன்றாக ஓடக்கூடிய டெஸ்க்டாப்பை “ரொம்ப ஸ்லோ” என்று பழைய சாமான் விலைக்குப் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வாங்கிய ஐ3, ஐ5 கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை ஒரே ஒரு பாகம்தான்: ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஓர் எஸ்.எஸ்.டி.

கணினியைப் போட்டதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். மூளை காத்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க் திணறுகிறது.

ஏன் திணறுகிறது? ஹார்ட் டிஸ்க்கின் தகடு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி செகண்ட். வேண்டிய தகவல் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன், தலை சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் எட்டு ஒன்பது மில்லி செகண்ட் ஆகும். ஆக, வெவ்வேறு இடங்களில் கிடக்கும் சின்னச் சின்னத் துணுக்குகளை எடுப்பதென்றால் ஒரு நொடிக்கு 80, 100 தடவைக்கு மேல் முடியாது. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான துணுக்குகள்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி, 1987இல் அறிமுகமான நேண்ட் ஃப்ளாஷ் சில்லுகள்தான் அதன் உடம்பு. நுண்ணறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்து, அந்த மின்னூட்டத்தின் அளவைக் கொண்டு தகவலைப் படிக்கிறது. ஒரு துணுக்கை எடுக்க ஆகும் நேரம் ஏறத்தாழ 0.1 மில்லி செகண்ட். நொடிக்கு நூறு என்றிருந்தது பல ஆயிரமாகிறது. கணினி வேகமாகிவிட்டதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. செகந்திராபாத் பார்க் லேனில் சி.டி.சி. என்று எல்லோரும் சொல்லும் செனாய் டிரேட் சென்டருக்குப் போனால், நொடிக்கு 3,500 எம்.பி., 7,000 எம்.பி. என்று அட்டையில் எழுதிய என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.களைக் காட்டுவார்கள். அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் நகலெடுக்கும் வேகம். உங்கள் பழைய மதர்போர்டில் அதைச் செருகவே பெரும்பாலும் இடம் இருக்காது. அடாப்டர் கார்டு போட்டுச் செருகினாலும், 2014க்கு முந்தைய பெரும்பாலான போர்டுகளின் பயாஸுக்கு என்.வி.எம்.இ.யிலிருந்து விண்டோஸைக் கிளப்பத் தெரியாது. சாட்டா இணைப்புள்ள இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.தான் உங்களுக்கு வேண்டியது. தயங்காமல் அதையே கேளுங்கள்.

சாட்டாவிலும் தலைமுறைகள் உண்டு. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் மதர்போர்டின் மாடல் எண் இருக்கும். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றினாலும் போர்டின் மேலேயே அச்சிட்டிருப்பது தெரியும். இந்தியாவில் லட்சக்கணக்கில் விற்ற எச்61 சிப்செட் போர்டுகளில் இருப்பவை நொடிக்கு 3 கிகாபிட் வேகமுள்ள சாட்டா-2 துளைகள். நடைமுறையில் 270, 280 எம்.பி. கிடைக்கும். பின்னால் வந்த எச்81இல் இரண்டு துளைகள் 6 கிகாபிட் வேகம் கொண்டவை, மீதி இரண்டு பழைய வேகம். பல போர்டுகளில் துளைக்கு ஒரு நிறம் கொடுத்து, பக்கத்தில் வேகத்தையும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்து வேகமான துளையில் மாட்டுங்கள். அப்படி ஒரு துளை இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். சின்னத் துணுக்குகளை எடுக்கும் வேலைக்கு நொடிக்கு 40, 50 எம்.பி.கூடத் தேவைப்படாது என்பதால், சாட்டா-2 போர்டிலும் அந்தப் பெரிய மாற்றம் அப்படியே கிடைக்கும்.

விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலருக்குப் புரியாத இடம். ஒரு நுண்ணறையில் மூன்று பிட் வைத்தால் டி.எல்.சி.; எட்டு மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் வைத்தால் கியூ.எல்.சி.; பதினாறு நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்க எழுதும் வேகம் குறையும், தேய்மானம் கூடும். இன்னொன்று, ஃப்ளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அதனால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தகவல்களை ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்ற விலாசப் பட்டியலையும் வைத்துக்கொள்கிறது. நல்ல எஸ்.எஸ்.டி.களில் இந்தப் பட்டியலுக்கென்றே தனி டி-ரேம் சில்லு இருக்கும். மலிவானவற்றில் இருக்காது. சாம்சங் 870 ஈவோவில் உண்டு, குரூஷியல் பி.எக்ஸ்500, கிங்ஸ்டன் ஏ400 போன்றவற்றில் இல்லை. மின்னஞ்சல், வங்கி வேலை, பேரப்பிள்ளைகளோடு வீடியோ அழைப்பு என்ற அளவில் இருந்தால் டி-ரேம் இல்லாததே போதும். தினமும் பெரிய கோப்புகளை எழுதி அழிக்கிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்து டி-ரேம் உள்ளதை வாங்கலாம்.

டி.பி.டபிள்யூ. என்ற எண்ணையும் பாருங்கள். வாரண்டி காலத்தில் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று கம்பெனி ஏற்றுக்கொள்ளும் கணக்கு அது. 870 ஈவோ 500 ஜி.பி.க்கு 300 டெராபைட், ஐந்து வருட வாரண்டி. ஏ400 480 ஜி.பி.க்கு 160 டெராபைட், மூன்று வருடம். ஒரு வீட்டுக் கணினியில் நாளுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் 160 டெராபைட்டைத் தொட இருபது வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே தேய்ந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். கொள்ளளவில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 120 ஜி.பி. சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்த எஸ்.எஸ்.டி. மந்தமாகும். 480 அல்லது 500 ஜி.பி.தான் என் சிபாரிசு.

மாட்டுவது சுலபம். டேட்டா கேபிள் ஒன்று, பவர் கேபிள் ஒன்று, அவ்வளவுதான். பயாஸில் சாட்டா மோடு ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கட்டும். பழைய விண்டோஸை ஐ.டி.இ. மோடில் நிறுவியிருந்தால், அதை அப்படியே நகலெடுக்காமல் புதிதாக நிறுவுவது நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. பிரவுசரும் கடிதம் எழுதுவதும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், இலவசம், எஸ்.எஸ்.டி.யில் சுறுசுறுப்பாக ஓடும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். கெட்டுப்போகும் முன் ஹார்ட் டிஸ்க் சில சமயம் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமல் ஒரே நாளில் நின்றுவிடலாம். அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். வீட்டுப் புகைப்படங்கள், பத்திரங்கள், பென்ஷன் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய டிஸ்க்கில் ஒரு நகலும், வெளியே வேறோர் இடத்தில் இன்னொரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.