யோகா யாருக்கு?

ஜூன் 21 உலக யோகா நாள். 2014 டிசம்பரில் ஐ.நா. சபை இந்த நாளை அறிவித்தது. 177 நாடுகள் ஆதரவு தந்தன. நம் அந்தமான் தீவுகளிலும் இந்த நாளைக் கொண்டாடுகிறோம்.

இந்தத் தீவுகளில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் அக்கம்பக்கமாக வாழ்கிறோம். "யோகா இந்துக்களின் வழிபாடு தானே? நாங்கள் செய்யலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

யோகாவின் வேர் இந்து சமயத்தில் இருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. பதஞ்சலி முனிவர் வடமொழியில் யோக சூத்திரம் எழுதினார். தமிழில் திருமூலர் திருமந்திரம் பாடினார். இருவரும் யோகத்துக்கு எட்டுப் படிகள் சொன்னார்கள். கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை ஆகியவை முதல் படியில் வருகின்றன. ஆசனம் மூன்றாவது படி. மூச்சுப் பயிற்சி நான்காவது படி. கடைசிப் படி சமாதி. புத்த, சமணத் துறவிகளும் யோகம் செய்தார்கள்.

இன்று யோகாவில் பல முறைகள் உண்டு. கிருஷ்ணமாச்சாரியார் மைசூரிலும் சென்னையிலும் யோகா கற்பித்தார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார். இவர் முறையில் கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைத் துணையாக வைத்து நிதானமாகச் செய்வார்கள். இன்னொரு மாணவர் பட்டாபி ஜோயிஸ். இவர் முறையில் மூச்சோடு சேர்த்து, ஆசனங்களை இடைவிடாமல் செய்வார்கள். இதற்கு உடல் வலு வேண்டும்.

பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-இல் பிறந்தவர் சுவாமி சிவானந்தர். மலேயாவில் மருத்துவராக இருந்தார். பிறகு ரிஷிகேசம் போய்த் துறவியானார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா 1969-இல் யோகா ஆசிரியர் பயிற்சி தொடங்கினார்.

சரி, கேள்விக்கு வருவோம். குனிவதும் நிமிர்வதும் மூச்சு விடுவதும் எல்லோருக்கும் பொது. 'ஓம்' என்பதும் மந்திரங்களும் சமயம் சார்ந்தவை. விருப்பம் இல்லாதவர் அவற்றைச் சொல்லாமல் ஆசனம் மட்டும் செய்யலாம். யோகாவே வேண்டாம் என்பவர் தினமும் நடக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

எந்த மதத்தவரானாலும் ஒன்றைக் கவனியுங்கள். படம் பார்த்துத் தலைகீழாக நிற்காதீர்கள். கழுத்து போய்விடும். நல்ல ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். "எங்கே படித்தீர்கள்? எத்தனை நாள் படித்தீர்கள்?" என்று கேளுங்கள். மத்திய அரசின் யோகா சான்றிதழ் வாரியம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. அது இருந்தால் வாங்கிப் படித்துப் பாருங்கள். நமக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே!

ரத்தக் கொதிப்பு, முதுகு வலி, கர்ப்பம் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஆசிரியரிடமும் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் செய்யுங்கள். வலித்தால் உடனே நிறுத்துங்கள்.